இரண்டு டப்பா கருப்பு

அண்ணன் சுத்தம் செய்தால் வீட்டில் யாருக்காவது ஏதாவது போய்விடும். ஒருமுறை அண்ணியின் மூக்குக்கண்ணாடி போனது. இன்னொரு முறை பழைய பேப்பர் கட்டோடு அண்ணனுடைய சொந்தப் பள்ளிச் சான்றிதழே போனது. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இடம் கிடைத்ததே என்பார்.

கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும். மாடியில் தங்கை. அவளுக்கு ஆந்தை என்று பெயர் வைத்ததும் அண்ணன்தான். ராத்திரியெல்லாம் மொட்டைமாடியில் முழித்துக்கொண்டு கிடக்கிறாள், கேட்டால் வானத்தைப் படம் எடுக்கிறேன் என்கிறாள், வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். பகலில் அவள் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். புதிதாக வந்த இயந்திரத்துக்குப் பயிற்சி என்று வெளியூர் அனுப்பியிருந்தார்கள். போய்விட்டு அன்று மதியம்தான் திரும்பினாள்.

மாடிக் கதவு திறந்திருந்தது. அவளுடைய நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்து ஈரத்துணியால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா வா, ஆந்தை. நீ கேக்காமலே உனக்கு ஒரு உபகாரம் பண்ணி வெச்சிருக்கேன்."

அவள் தோள்பையைக் கழற்றவில்லை. "என்ன உபகாரம்?"

"கம்ப்யூட்டரச் சுத்தம் பண்ணேன். மூச்சு முட்டிக் கெடந்துச்சு பாவம். நம்ம சித்தப்பா பையன் சுண்டு கல்யாண வீடியோவ வைக்க எடமில்ல. வீடியோக்காரன் அவன் ஹார்ட் டிஸ்க் டப்பாவ உடனே திருப்பிக் குடுன்னு வாசல்ல நிக்கிறான். சரி, தங்கச்சிகிட்ட பெரிய டப்பா இருக்கேன்னு வந்து தெறந்தா, உள்ள பூரா கருப்பு."

"பூரா என்ன?"

"கருப்புப் படம். ஒண்ணு ரெண்டு இல்ல, மலை மாதிரி. ஒவ்வொண்ணாத் தெறந்து பாத்து எனக்குக் கண்ணே போச்சு. சிலதுல ரெண்டு மூணு வெள்ளப் புள்ளி, தூசி மாதிரி. கேமரா மூடியக் கழட்டாம எடுத்துட்ட போல. எல்லாத்தையும் தூக்கிட்டேன்."

அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

ஹெலிக்ஸ் என்று ஒரு நெபுலா. சாகப்போகும் நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயு. நடுவே இருக்கும் வளையத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவளும் தொலைநோக்கி வாங்கிய புதிதிலேயே எடுத்துவிட்டாள். வளையத்துக்கு வெகு வெளியே, அதே நட்சத்திரம் அதற்கும் முன்னால் விட்ட மூச்சு ஒன்று கிழிந்த வில்லாகக் கிடக்கிறது. அது ஒரு படத்தில் வராது. நூறு படத்திலும் வராது. ஒவ்வொரு படமும் பார்வைக்குக் கருப்பு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க, ஒளி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். வருஷத்துக்கு ஒரு பருவமாக மூன்று பருவம் எடுத்திருந்தாள். போதும் என்கிற அளவு வரும்வரை அடுக்கிப் பார்ப்பதில்லை என்று ஒரு பிடிவாதம் வைத்திருந்தாள். பாதியில் பார்த்தால் இதுவே நன்றாகத்தானே இருக்கிறது என்று மனசு சோம்பிவிடும். அடுத்த வாரம் விடுப்பு எடுத்து அடுக்குவதாக இருந்தாள்.

அந்த வில்லை அவளே இன்னும் பார்த்ததில்லை.

"வெள்ள டப்பா ஒண்ணு இருந்துச்சே," என்றாள். "அதுல நகல் இருக்கு."

"அதுலயும் இதே குப்பதான். அச்சு அசலா அதே. ஒரே குப்பைய ரெண்டு எடத்துல வெக்கிற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

"அதையுமா?"

"அதையும்தான். அழிச்சது போய் விழுற தொட்டி ஒண்ணு இருக்குல்ல, அதையும் காலி பண்ணிட்டேன். பாதி வேல எனக்கு ஆகாது."

"வெள்ள டப்பா எங்க?"

"கீழ. சும்மாதானே கெடக்குன்னு உங்க அண்ணிக்குக் குடுத்தேன். டிவில சொருகினா சீரியல் பதிவாகுமாம்."

அவள் படியில் இறங்கியது அவளுக்கு நினைவில்லை. கூடத்தில் அண்ணி கால்நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு டாக்டர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். திரையின் ஓரத்தில் பதிவாவதற்கான சிவப்புப் புள்ளி. டிவியின் முதுகில் வெள்ளை டப்பா. அவள் அதைப் பிடுங்கினாள்.

"ஏய்! ஏய்! இப்பத்தான் அந்த டாக்டர் உண்மையச் சொல்லப் போறான்! ஒரு வாரமா சொல்லாம இழுத்துக்கிட்டிருந்தான்!"

"அண்ணி, இத சொருகும்போது ஏதாவது கேட்டுச்சா?"

"எது?"

"டிவி. டிவி ஏதாவது கேட்டுச்சா?"

"ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு. ஓகே போட்டேன். அவ்ளோ மரியாதையா கேக்குது, வேணாம்னா சொல்ல முடியும்?"

"எத்தன நாளாப் பதிவாகுது?"

"நீ ஊருக்குப் போனதுலேருந்து. காலைல ஒண்ணு, சாயங்காலம் மூணு. இப்ப என்ன, கருப்புப் படந்தானே போச்சு? கல்யாண வீடியோவா போச்சு? மொகத்தப் பாரு, ஏதோ எழவு விழுந்த மாதிரி."

அவள் டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மேலே வந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. அண்ணன் இப்போது மேஜையின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ ஓடினியே, ஒண்ணு கேட்டியா? எல்லாத்தையும் அழிக்கல. நான் என்ன முட்டாளா? நல்லா வெளிச்சமா இருந்தத எல்லாம் தனியா எடுத்து, 'நல்ல படங்கள்'னு பேர் போட்டு வெச்சிருக்கேன். பாரு."

பார்த்தாள். திரை முழுக்க வெள்ளை. ஒரு சதுரம், அடுத்த சதுரம், அதற்கடுத்த சதுரம், எல்லாம் பளிச்சென்ற வெள்ளை. தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி எடுத்த படங்கள் அவை. கண்ணாடியில் தூசி எங்கே, ஓரத்தில் எங்கே மங்குகிறது என்று கணினிக்குக் காட்டுவதற்காக எடுப்பது. அதைத் தவிர அவற்றில் பார்க்க ஒன்றும் கிடையாது.

"இது என்னன்னு தெரியுதா?" என்றாள்.

"வானம்?"

"உன் பனியன்."

"என்னது?"

"கொடில காஞ்சுக்கிட்டிருந்த உன் பழைய பனியன். அத டெலஸ்கோப்புக்கு மாட்டி எடுத்தது. மூணு வருஷ வானத்த அழிச்சிட்டு உன் பனியனப் பத்திரமா எடுத்து வெச்சிருக்க. நல்ல படங்கள்."

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தார். "அதான் தேடுறேன், அந்தப் பனியன் எங்க போச்சுன்னு," என்றார்.

அவள் கத்தவில்லை. கத்த மூச்சு வேண்டும். கதவைக் காட்டினாள். அவர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் அவர் குரல் கேட்டது: "நல்லதுக்குக் காலமில்ல."

*

மன்னிப்பு என்கிற சொல் அண்ணன் வாயில் வராது. தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றினால் இன்னும் எதையாவது சுத்தம் செய்வார். மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மொட்டைமாடியைக் கழுவிவிட்டார். பினாயில் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, ஒரு கறை இல்லாமல். முக்காலியின் மூன்று கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று அவள் போட்டு வைத்திருந்த மூன்று சாக்பீஸ் வட்டங்களும் போயின. வடக்கு பார்த்து, நட்சத்திரம் பார்த்து, பல ராத்திரி சரிபார்த்து வைத்த வட்டங்கள்.

வட்டங்கள் இருந்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. தெற்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் தூண்கள் தலைக்கு மேலே போய்விட்டன. ஹெலிக்ஸ் தெற்கில்தான் வரும். இந்தப் பருவம்தான் கடைசி என்று தெரிந்துதான் அவள் விட்டுவைக்காமல் எடுத்தாள். எடுத்தது டப்பாவில் இருந்தது. டப்பா இரண்டும் இப்போது மேஜையில் இருந்தன. ஒன்றில் கல்யாணம், ஒன்றில் சீரியல்.

ஸ்கேன் சென்டரில் ஒரு பெரியவரின் மார்பைப் படம் எடுத்தாள். திரையில் கருப்பாக வந்தது. மவுஸைப் பிடித்து இழுத்தாள். கருப்புக்குள்ளிருந்து விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தினமும் செய்வதுதான். அன்று எலும்பு தெரிந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ரிப்போர்ட் எழுதும் டாக்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"போனாப் போகுது விடும்மா. ஹாபிதானே. நெட்ல தேடினா பெரிய டெலஸ்கோப்புல எடுத்ததே கெடைக்கும். இத விட நல்லா இருக்கும்."

அவள் திரும்பவில்லை. "உங்க பொண்ணு போட்டோவெல்லாம் அழிஞ்சு போச்சுன்னா, நெட்ல இத விட அழகான பொண்ணு போட்டோ இருக்கே சார்னு சொன்னா எடுத்துப்பீங்களா?"

டாக்டர் ரிப்போர்ட் தாளை எடுத்துக்கொண்டார். "அடுத்த பேஷன்ட்டக் கூப்பிடு," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "இவ்ளோ கோவமா இருக்கியே, எனக்கு நெஞ்சுல ஏதாவது இருக்காம்மா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல அய்யா. எனக்குத்தான்."

*

அழித்த படம் உடனே அழிவதில்லை. அதன் இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை டப்பாவில்தான் கிடக்கும். அதனால் அவள் இரண்டு டப்பாவிலும் எதையும் எழுதவிடாமல், மீட்பு மென்பொருளைப் போட்டு உள்ளே துழாவவிட்டாள். பெரிய டப்பாவில் ஒன்றும் கிடைக்கவில்லை. சுண்டுவின் கல்யாணம் மூலை முடுக்கெல்லாம் உட்கார்ந்திருந்தது. வெள்ளை டப்பாவில் சீரியல் முன்பக்கத்தைத் தின்றிருந்தது. முதல் பருவம் முழுக்கப் போயிற்று. இரண்டாவது பருவத்தில் ஓட்டை ஓட்டையாகப் போயிருந்தது. மிச்சம் வந்தது.

வந்ததில் பெயர் இல்லை. வெறும் எண். அதிலும் ஒரு சிக்கல். கருப்புப் படங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வானம். இன்னொன்று வேண்டுமென்றே மூடியைப் போட்டு எடுத்தது, கேமரா தானாகப் போடும் பொய்ப் புள்ளிகளை மட்டும் பதிந்து பிறகு கழிப்பதற்காக. அண்ணன் சொன்ன மூடி போட்ட படம் நிஜமாகவே அதில் இருந்தது. இப்போது இரண்டும் கலந்து கிடந்தன. அடுக்குவதற்கு முன்னால் பிரிக்க வேண்டும்.

பிரிப்பது பெரிய வேலை இல்லை. இது வானம், இது மூடி என்று ஒவ்வொரு கோப்பின் தலையிலும் கேமராவே எழுதி வைத்திருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் கணினி படித்து, தானே பிரித்துவிடும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவள் அந்தப் பட்டனை அழுத்தவில்லை. மாடிப்படி வளைவிலிருந்து கீழே கூப்பிட்டாள்.

"அண்ணா. ஞாயித்துக்கிழம காலைல மேல வா. ஒரு வேல இருக்கு."

"என்ன வேல?"

"சுத்தம் பண்ற வேல."

வந்தார். குளித்து, தலை வாரி, சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவள் நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காரு. இந்தக் கீய அழுத்தினா ஒரு படம் வரும். கருப்பா இருக்கும். இத அழுத்தினா வெளிச்சமாகும். நட்சத்திரம் இருந்தா இடது பக்கம் தள்ளு. இல்லன்னா வலது பக்கம்."

"எத்தன படம்?"

"முடியற வரைக்கும்."

"இதுக்கு மெஷின் எதுவும் கெடையாதா?"

"நீ இருக்கியே," என்றாள்.

அவர் அழுத்தினார். கருப்பு. அழுத்தினார். வெளிச்சம். நட்சத்திரங்கள் எழுந்து வந்தன. இடது. அடுத்தது. கருப்பு. வெளிச்சம். ஒன்றுமில்லை. வலது. அவள் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சலித்துப்போக வேண்டும். கண் எரிய வேண்டும். கழுத்து வலித்து, ஒவ்வொரு படமாகத் தான் எதை அழித்தோம் என்று தெரிந்து, விட்டுவிடு தாயே என்று கெஞ்ச வேண்டும். கெஞ்சினாலும் விடக்கூடாது. அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்ததுபோல் இருந்தது.

முதலில் சலித்துக்கொள்ளத்தான் செய்தார். கொட்டாவி விட்டார். முதுகைச் சொறிந்தார். அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பரீட்ச எழுதுறீங்களா? பக்கத்துல பாத்து எழுதாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரித்தே காலம் தள்ளிய ஆள் அவர். தன் கொரியர் ஆபீஸில் பையன்கள் தப்பான மூட்டையில் போட்டதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் கை ஓட ஆரம்பித்தது. இடது, வலது, இடது, இடது. வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பிறகு ஒரு படத்தில் நிறுத்தினார்.

"இது கோடு விழுந்துருக்கு. குறுக்கால. கெட்டுப்போச்சு. அழிச்சிடட்டுமா?"

"கைய எடு!"

அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார், போலீஸைப் பார்த்த மாதிரி.

"அது சேட்டிலைட். அடுக்கும்போது அதுவே போயிடும். எதையும் அழிக்காத. இந்த வீட்ல இனிமே நீ எதையும் அழிக்காத."

"சரி சரி. கேட்டேன். கேட்டது தப்பா?"

"அன்னைக்குக் கேட்டிருக்கணும்."

அவர் மறுபடி கீயை அழுத்தினார். இடது, வலது. கொஞ்ச நேரம் கழித்துப் படிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வந்து பாரு! இதுல எவ்ளோ நட்சத்திரம்! எடுக்க எடுக்க வருது!"

அண்ணி வந்தாள். வெள்ளை டப்பாவின் சிவப்பு விளக்கு மின்னுவதைப் பார்த்து, "டாக்டர் என்ன சொன்னான்னு அதுல இருக்கா?" என்று கேட்டாள். பிறகு அவளும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இடது. அய்யோ, இடதுங்க. இதோ மூலையில இருக்கே. இது வலது. மூடி." இரண்டு பேரும் சேர்ந்து பிரித்தார்கள். அண்ணி சிரித்தாள். அண்ணன் தொடையைத் தட்டினார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. தண்டனை கொடுத்தால் இவர்கள் பொழுதுபோக்காக ஆக்கிக்கொள்கிறார்கள். அவள் மூன்று வருஷமாகத் தனியாகக் கொசுக்கடியில் உட்கார்ந்தபோது ஒரு நாள் மேலே வந்து என்ன எடுக்கிறாய் என்று கேட்காதவர்கள். அண்ணனின் கொரியர் ஆபீஸ் அடுத்த தெருவில் உயரமான கட்டடத்தில் இருக்கிறது. அதன் உச்சியில் ஆள் உயரச் சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு விடிய விடிய எரியும். அதை ராத்திரியில் மட்டும் கொஞ்சம் அணைத்துவை என்று அவள் கேட்டிருந்தாள். ஏளனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இருட்டுல இருக்கிற ஆபீஸுக்கு எவன் பொட்டலம் கொண்டுவருவான்? உனக்கு இருட்டு சோறு போடுதா?"

எழுந்து வெளியே போனாள். கழுவிய மாடி பளபளவென்று வெயிலில் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தூண்களில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அவற்றை முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

மாலைக்குள் முடித்துவிட்டார்கள். ஒன்றுகூடத் தப்பாகப் பிரிக்கவில்லை. அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

*

கணினி அடுக்க ஆரம்பித்தது. படத்தின் மேல் படம். மூடிப் படங்களைக் கழித்தது. பனியன் படங்களால் வகுத்தது. அண்ணனும் அண்ணியும் போகவில்லை. போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அப்புறம் இருந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். வளையத்துக்கு வெளியே ஒரு வில் வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

முடிந்தது. திரை கருப்பு.

"மறுபடியும் கருப்பா?" என்றாள் அண்ணி.

அவள் மவுஸைப் பிடித்தாள். எக்ஸ்ரேயில் எலும்பை இழுப்பதுபோல் மெதுவாக இழுத்தாள். கருப்புக்குள்ளிருந்து வளையம் வந்தது. சிவப்பு விளிம்பு, உள்ளே மயிரிழை மயிரிழையாக நடுப்புள்ளியைப் பார்த்து நீளும் முடிச்சுகள்.

"ஆத்தாடி," என்றாள் அண்ணி. "கண்ணு மாதிரி இருக்கே. நம்மளயே பாக்குது."

அண்ணன் முன்னால் குனிந்தார்.

அவள் இன்னும் இழுத்தாள். வளையம் வெளுத்து எரிந்தது. அது பரவாயில்லை. அவள் பார்ப்பது வளையத்தை அல்ல. அதற்கு வெளியே, மேலே இடது பக்கம், வில் கிடக்க வேண்டிய இடத்தை. இழுத்தாள். கருப்பு சாம்பலாகியது. சாம்பல் மணல்மணலாகியது. இன்னும் இழுத்தாள். மணல் பெரிதாகியது. மணல்தான். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். எழுந்து தூரத்தில் நின்று பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

அழிந்த பருவங்கள் இருந்திருந்தால் வந்திருக்கும். இருந்ததை வைத்து வரவில்லை.

"வந்துச்சா?" என்றார் அண்ணன்.

"இல்ல."

"வெளிய ஒரு வில்லுன்னியே."

"அதான் இல்லன்னேன்."

"ஏன் இல்ல? இதோ இருக்கே!"

அவர் விரல் திரையின் கீழ் மூலையில் இருந்தது. அங்கே சிவப்பாக ஒரு தீற்றல், ஓரத்திலிருந்து வளைந்து ஏறியது.

"பாரு, வளைஞ்சு போகுது. வில்லு மாதிரியே. செவப்பா. எனக்கு நல்லாத் தெரியுது." அண்ணியின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுதே," என்றாள் அண்ணி அவசரமாக. "பளிச்சுனு தெரியுது."

அவள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பொட்டலம் தொலைந்துபோன வாடிக்கையாளரிடம் வேறொரு பொட்டலத்தை நீட்டி இதுதானே உங்களுது என்று கேட்கும் முகம். வியர்த்திருந்தது. அழித்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

"அது நெபுலா இல்ல."

"பின்ன?"

"என் கேமரா முன்னாடி ஒரு கண்ணாடி இருக்கு. தெருவிளக்கு, வீட்டு விளக்கு எல்லாத்தையும் தடுத்துடும். செவப்ப மட்டும் விடும், நெபுலா செவப்புங்கறதால. அது உன் போர்டு."

அண்ணன் திரையிலிருந்து விரலை எடுத்தார். அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆகாசத்துலயும் போய் விளம்பரம் பண்ணிட்டீங்களா?"

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன்.

"ஆபீஸ் மொட்டமாடிச் சாவி குடு," என்றாள் தங்கை.

"எதுக்கு?"

"இங்க தெற்கு அடைபட்டுப் போச்சு. உன் மாடில நாலு பக்கமும் தெறந்திருக்கு. இனிமே அங்கேருந்து எடுக்கப் போறேன்."

"எடுத்துக்கோ. யார் வேண்டாம்னா? சாவிதானே."

"போர்ட அணைக்கணும்."

"போர்டையா?"

"நெலா இல்லாத நாளெல்லாம். மொதல்லேருந்து, மறுபடியும் மூணு பருவம்."

"மூணு வருஷமா? வெளையாடுறியா? அந்த போர்டப் பாத்துத்தான் பாதிப் பேரு வர்றான். வியாபாரம் படுத்துடும்."

"படுக்கட்டும்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வந்துச்சு. அன்னைக்கு ராத்திரில மட்டும் அணைச்சு வை அண்ணான்னு கேட்டேன். நல்ல வார்த்ததான் அது. இப்பக் கேக்கல. சொல்றேன்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். கண்களைக் கசக்கினார். நாளெல்லாம் திரையைப் பார்த்ததில் அவை ரத்தச் சிவப்பாக இருந்தன. அவர் குரல் இறங்கியது. எப்போதும் பேரம் முடியும்போது இறங்குவதுபோல்.

"இங்க பாரு. போர்டு கஷ்டம். வேற ஒண்ணு சொல்றேன். இனிமே நீ எடுக்கறத எல்லாம் நானே பிரிச்சுக் குடுத்துடுறேன். வாரா வாரம் வந்து உக்காந்துடுறேன். எனக்குத்தான் இப்பக் கை வந்துடுச்சே. ஒரு தப்பு இல்லாம பிரிச்சேன்ல? நீயே பாத்தல்ல?"

"வேண்டாம்," என்றாள் அவள். "அதுக்கு ஒரு பட்டன் இருக்கு."

"என்ன இருக்கு?"

அவள் குனிந்து மவுஸை எடுத்தாள். அவர் நாள் முழுக்கப் பிரித்த இரண்டு பக்கத்தையும் மறுபடி ஒன்றாகக் கொட்டினாள். பட்டனை அழுத்தினாள். அண்ணி ஸ்டூலை இழுத்துப் போடுவதற்குள் இடது வேறு, வலது வேறாகப் பிரிந்து நின்றது.

அண்ணன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது காலைலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மெஷின் இல்லியான்னு கேட்டேன்ல? வாயத் தெறந்து கேட்டேன்ல?"

"கேட்ட."

அவர் கழுத்தில் நரம்பு புடைத்தது. நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது. அண்ணி, "ஏங்க, விடுங்க, சின்னப் பொண்ணு," என்றாள். நாற்பது தாண்டிய சின்னப் பெண் அசையாமல் நின்றாள். அவர் படியில் தடதடவென்று இறங்கினார். கீழே அலமாரி திறந்து அறைந்தது. அலமாரிக்குள் எதையோ தேடி எதையெதையோ தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. தானே அடுக்கி வைத்த அலமாரி.

திரும்பி ஏறி வந்தார். கையில் பெரிய கொத்து. வளையத்திலிருந்து ஒரு சாவியைப் பிய்க்கப் பார்த்தார். அது வரவில்லை. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்தார். வந்ததும் மேஜைமேல் அடித்தார். அது வெள்ளை டப்பாமேல் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது.

"இந்தா. போர்டு சுவிட்ச் உள்ள, எடது பக்கம். அணைச்சா காலைல ஆறு மணிக்குள்ள போட்டுடணும். போடலன்னா இந்த வீட்டுப் படிய நீ ஏறக் கூடாது."

"இது என் படி."

"ஆந்த!" என்று கத்தினார். அவர் அந்தப் பெயரை இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. "போ. போய் முழிச்சுக்கிட்டுக் கெட."

அவர் இறங்கிப் போனார். அண்ணி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவள் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தாள். சரியான சாவிதானா என்று பார்த்தாள். தலைப்பக்கம் அவருடைய கையெழுத்தில் ஒட்டிய சின்னத் தாள்: மொட்டைமாடி. பையில் போட்டுக்கொண்டாள். 'நல்ல படங்கள்' என்ற பெயரை அழித்து 'பனியன்' என்று எழுதினாள். பிறகு எழுந்து அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.